கஷ்ட காலத்தில் கர்த்தர் எங்கே?

கஷ்டம் வந்தால் கலங்காதே, கர்த்தரை நம்பு, அவருக்குத் தெரியாமல் ஒன்றும் நடப்பதில்லை, அவர் உனக்கு வழி காட்டுவார், அவருடைய வல்லமை உன்னைத் தாங்கும் என்பதாகக் கிறிஸ்தவப் பாதிரிமார்களும் உபதேசிமார்களும் நெடுநாளாகப் பிரசங்கம் செய்து வருகின்றார்கள். கேட்பதற்கு இது மிகவும் இனிப்பான பேச்சுத்தான். வயிறு காய்ந்தவனுக்கும், பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கும், வியாதியில் கிடப்பவனுக்கும் ஒரு ஆறுதல் வார்த்தை வேண்டியதுதான் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஆறுதல் என்ற பேரால் கொடுக்கப்படும் சரக்கு உண்மையிலேயே ஆறுதல்தானா, அல்லது புண்ணின் மேல் தூவும் மிளகாய்ப் பொடியா என்பதைக் கொஞ்சம் புத்தியைச் செலவழித்துப் பார்க்க வேண்டாமா என்பதே இன்று நமது கேள்வியாகும்.

இந்தக் கேள்வி நமக்குப் புஸ்தகத்திலிருந்து வந்ததல்ல. சில மாதங்களுக்கு முன் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் குப்பத்திற்கு ஒரு தோழரின் கலியாணத்திற்காகப் போயிருந்தோம். கலியாணம் முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மாள் நம்மிடம் வந்தார். வயது அறுபதுக்கு மேலிருக்கும். 2004-ம் வருஷத்துச் சுனாமியில் ஒரு மகளையும் இரண்டு பேரப் பிள்ளைகளையும் இழந்தவர். பரம்பரைக் கிறிஸ்தவர். அவர் சொன்னதாவது: “அன்னைக்கு விடியக்காலையிலயும் நான் ஜெபம் பண்ணிட்டுத்தான் அய்யா கருவாடு காயப் போடப் போனேன். ஒரு உபதேசியார் வந்து, கர்த்தர் தனக்குப் பிரியமானவங்களைத்தான் சோதிப்பாருன்னாரு. இன்னொருத்தர் வந்து, முழு நம்பிக்கையோட ஜெபிச்சிருந்தா பிள்ளைங்க தப்பிச்சிருக்கும்னாரு. என் நம்பிக்கையில எங்க குறை இருந்துச்சுன்னு இருபது வருஷமா யோசிச்சுக்கிட்டு இருக்கேன் அய்யா.”

வாசகர்களே! இதைக் கவனித்துப் பாருங்கள். கடல் இந்த அம்மாளின் பிள்ளைகளைக் கொண்டு போயிற்று. அத்தோடு கடலின் வேலை தீர்ந்தது. ஆனால் அந்தச் சாவுக்கான பழியைத் தூக்கி வந்து, பெற்றவள் தலையிலேயே வைத்து, இருபது வருஷமாக இறக்கவிடாமல் வைத்திருக்கும் வேலையை யார் செய்தது? நம்பினால் காப்பார் என்கின்ற தத்துவத்திற்குள்ளேயே, காப்பாற்றப்படாதவன் நம்பாதவன் என்கின்ற குற்றச்சாட்டும் ஒளிந்திருக்கின்றதல்லவா? இதற்குப் பெயர் ஆறுதலா என்று கேட்கின்றோம்.

நிற்க, அன்றைக்கு நடந்த சங்கதி என்ன என்பதைப் பார்ப்போம். 2004-ம் வருஷம் டிசம்பர் மாதம் 26-ந் தேதி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அதிலும் ஞாயிற்றுக்கிழமை. நமது நேரப்படி காலை சுமார் 6 மணி 29 நிமிஷத்திற்கு சுமத்ரா தீவுக்குப் பக்கத்தில் கடலுக்கடியில் பூமி பிளந்தது. அங்கே எழும்பிய அலை நமது கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்திற்கு மேல் பிடித்தது. அந்த இரண்டு மணி நேரத்திலும் நமது கரையோர ஜனங்கள் ஒன்றும் அறியாமல் வலை உலர்த்திக்கொண்டும், மீன் விற்றுக்கொண்டும், கோயிலில் மண்டியிட்டுக்கொண்டும் இருந்தார்கள். தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் செத்தார்கள். அதில் நாகப்பட்டினம் ஜில்லாவில் மாத்திரம் 6,000 பேருக்கு மேல். செத்தவர்களில் குழந்தைகள் ஏராளம்.

சர்வமும் அறிந்த கர்த்தருக்கு 6 மணி 29 நிமிஷத்திற்கே இந்தச் சங்கதி தெரியுமா, தெரியாதா? தெரியாதென்றால் அவர் சர்வஞானியல்ல. தெரியுமென்றால், வழி காட்டுவதையே தொழிலாக உடைய அவர், அந்த இரண்டு மணி நேரத்திற்குள், “பிள்ளைகளே, மேட்டுக்கு ஓடுங்கள்” என்று ஒரு பாதிரியார் காதிலாவது, ஒரு கன்னிகாஸ்திரீ கனவிலாவது சொல்லியிருக்கக் கூடாதா? ஆராதனைக் கூட்டங்களில், இன்ன ஊரில் இன்ன வியாதியுள்ள ஒரு சகோதரி உட்கார்ந்திருக்கிறாள் என்று கர்த்தர் தமக்குக் காட்டுவதாகச் சொல்லும் தீர்க்கதரிசிகள் நாட்டில் எத்தனையோ பேர் இருக்கின்றார்களே, அவர்களில் ஒருவருக்காவது அன்று காலை ஒரு வரி தாக்கல் வந்ததா? தலைவலி தெரிகின்ற கண்ணுக்குச் சமுத்திரம் தெரியவில்லையென்றால் அது எந்தவிதமான கண் என்று கேட்கின்றோம்.

கர்த்தர் சொல்லாததை மனிதன் சொன்னான் என்பதற்கு அதே நாளில் ருஜு இருக்கின்றது. புதுச்சேரிப் பக்கத்திலுள்ள நல்லவாடு என்னும் மீனவக் கிராமத்தார் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் டெலிவிஷனில் சேதியைப் பார்த்து, ஊரிலுள்ள தன் குடும்பத்துக்கு டெலிபோனில் எச்சரிக்கை செய்தார். அவ்வூரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஏற்படுத்தியிருந்த அறிவு மையத்தில், மீன்பிடிப்புக்கும் வானிலைக்குமான சேதிகளைச் சொல்ல ஒலிபெருக்கி ஒன்று இருந்தது. அதில் அறிவித்தார்கள், சுமார் 3,600 பேர் உள்ள கிராமம் தப்பியது. அன்றே தாய்லாந்தின் புக்கெட் தீவில், கடல் பின்வாங்குவதைக் கண்ட பத்து வயது ஆங்கிலச் சிறுமி ஒருத்தி, இது சுனாமியின் அடையாளம் என்று தன் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார் இரண்டு வாரத்துக்கு முன் சொல்லிக்கொடுத்தது ஞாபகத்துக்கு வந்து, கூச்சலிட்டுச் சுமார் நூறு பேரைக் காப்பாற்றினாள்.

தோழர்களே! ஒரு டெலிபோன், ஒரு ஒலிபெருக்கி, ஒரு பூகோள பாடம். இம்மூன்றும் செய்த காரியத்தைப் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்கின்ற மூன்றும் ஏன் செய்யவில்லை? ஒலிபெருக்கி நமது கரையோரக் கோயில்களில் இல்லாமலா இருந்திருக்கும்? கருவிக்கும் குறைவில்லை, கூட்டத்திற்கும் குறைவில்லை. சேதிதான் மேலிருந்து வரவில்லை.

இதைச் சொன்னால் உடனே வேளாங்கண்ணியைக் காட்டுகின்றார்கள். கடல் பொங்கியும் மாதா கோயிலுக்குள் தண்ணீர் நுழையவில்லை. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். இது அற்புதமல்லவா என்கின்றார்கள். கோயிலுக்கு வெளியே, அதே மாதாவைத் தரிசிக்க வந்து, பண்டிகை முடித்துக் கடற்கரையில் நின்றிருந்த நூற்றுக்கணக்கான யாத்ரீகர்கள் அடித்துக்கொண்டு போகப்பட்டார்களே, அவர்கள் யாருடைய பக்தர்கள்? கட்டடத்தைக் காப்பாற்றி, கும்பிட வந்தவனைக் கைவிடுகின்ற தெய்வத்திற்குக் கல்லின் மேல் இருக்கும் கருணை சதையின் மேல் இல்லையென்றுதானே ஏற்படும்? உங்கள் மாதாவுக்கு இந்த அவமானத்தை நாம் செய்யவில்லை. அற்புதம் என்று சொல்லுகின்ற நீங்களேதான் செய்கின்றீர்கள்.

அந்தக் கோயிலின் கதையும் இப்படிப்பட்டதே. 17-ம் நூற்றாண்டில் போர்த்துகீசியக் கப்பலொன்று புயலில் சிக்கி, மாதாவை வேண்டிக்கொண்டு, கரை சேர்ந்த மாலுமிகள் நன்றிக்காக அங்கே கோயில் கட்டினார்கள் என்பது ஐதீகம். தப்பியவர்கள் கோயில் கட்டுவார்கள் என்பது சரி. அந்தக் காலத்தில் லிஸ்பனிலிருந்து கீழ்த்திசைக்குப் புறப்பட்டு, வேண்டிக்கொண்டே முழுகிப் போன கப்பல்கள் எத்தனை எத்தனை! முழுகினவன் எந்தக் கரையில் கோயில் கட்டுவான்? பழைய கிரேக்க தேசத்தில் டயாகரஸ் என்னும் நாஸ்திகரிடம், கப்பற்சேதத்தில் தப்பியவர்கள் காணிக்கையாக வைத்த படங்களைக் காட்டியபோது, முழுகினவர்களின் படங்கள் எங்கே என்று அவர் கேட்டதாக ஒரு கதை உண்டு. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகியும் அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை.

லிஸ்பன் என்றதும் இன்னொரு சங்கதியையும் சொல்ல வேண்டியிருக்கின்றது. 1755-ம் வருஷம் நவம்பர் மாதம் 1-ந் தேதி, சகல பரிசுத்தவான்களின் திருநாள். காலை சுமார் 9 மணி 40 நிமிஷம். பக்திக்குப் பேர்போன அந்தப் பட்டணத்தில் கோயில்களெல்லாம் ஜனங்களால் நிரம்பி, பீடங்களிலெல்லாம் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. பூமி குலுங்கிற்று; கோயில்கள் ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் தலையிலேயே விழுந்தன. தப்பி ஓடி ஆற்றங்கரையில் நின்றவர்களைச் சிறிது நேரத்தில் கடல் வந்து அடித்துக்கொண்டு போயிற்று. மிச்சத்தை நாட்கணக்காக எரிந்த தீ தின்றது. அந்தத் தீக்கு விழுந்த மெழுகுவர்த்திகளும் ஒரு காரணம். சகல பரிசுத்தவான்கள் பேரால் இருந்த பெரிய ஆஸ்பத்திரியும் நோயாளிகளோடு எரிந்தது.

இதற்கு மதக்காரர்கள் சொன்ன வியாக்கியானத்தைக் கேளுங்கள். கத்தோலிக்கப் பிரசங்கிகள், நகரத்தாரின் பாவத்துக்குத் தண்டனை என்றார்கள். புரோட்டஸ்டண்டுகளோ, கத்தோலிக்க விக்கிரக ஆராதனைக்கும் இன்குவிசிஷன் கொடுமைக்கும் தண்டனை என்றார்கள். இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி இதைப்பற்றி அவ்வருஷமே ஒரு பிரசுரம் எழுதி, பூகம்பம் தெய்வத்தின் கையே என்றார். ஆனால் அதே பூகம்பம் மகமதியர்களின் மொராக்கோவிலும் பட்டணங்களை இடித்தது. அது யாருடைய விக்கிரகத்துக்காக? ஒரே பூகம்பத்தை எடுத்து ஒவ்வொரு வியாபாரியும் தன் தன் கடைச் சரக்கு என்று முத்திரை குத்தினான் என்பதல்லாமல் வேறென்ன?

மலகிரிதா என்னும் ஜேசுயிட் பாதிரியார் 1756-ல் ஒரு சிறு புஸ்தகம் எழுதி, இது இயற்கையால் வந்ததல்ல, பாவத்தால் வந்தது. குடிசை கட்டி அலைவதைவிடத் தவமும் தியானமுமே அவசியம் என்றார். மந்திரியாயிருந்த பொம்பாலோ பிணங்களைப் படகிலேற்றிக் கடலில் சேர்த்துத் தொற்றுநோயைத் தடுத்தார். உணவுக்கு ஏற்பாடு செய்தார். பூமி எவ்வளவு நேரம் ஆடிற்று, கடல் முதலில் ஏறிற்றா வாங்கிற்றா, கிணற்றுத் தண்ணீர் எப்படியிருந்தது என்று பங்கு பங்காகக் கேள்வித்தாள் அனுப்பி விவரம் சேகரித்தார். மரச்சட்டக் கூடு வைத்து, ஆட்டம் தாங்கும் வீடுகளைக் கட்டச் செய்தார். மண்டியிடுவதை விட்டுப் பூமியைப் பற்றிக் கேள்வி கேட்ட இந்தக் காரியம்தான் பின்னாளில் பூகம்ப சாஸ்திரம் வளர ஒரு வித்தாயிற்று. பக்தியுள்ள ராஜாவோ, அதன் பிறகு கல் கட்டடத்தில் படுக்கப் பயந்து, சாகும்வரை மரக்கொட்டகை அரண்மனையிலேயே காலம் கழித்தார். கர்த்தரின் சித்தத்தைவிட மரக்கொட்டகை அவருக்கு நம்பிக்கையாயிருந்தது போலும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றோம். அந்த மலகிரிதாவை 1761-ல், முதுமையில், பொம்பாலின் விருப்பப்படியே இன்குவிசிஷன் கொன்று எரித்தது. அதை நாம் அறிவின் வெற்றியென்று ஒருநாளும் சொல்லமாட்டோம். மூடக்கருத்துக்குப் பதில் கருத்தே ஒழிய, கயிறும் நெருப்புமல்ல.

இனி, சோதனை என்கின்ற சமாதானத்தைப் பார்ப்போம். இதற்குப் பாதிரிமார்கள் காட்டும் உதாரண புருஷன் யோபு. நீதிமானாகிய அவனுடைய ஆடுமாடுகளையும் பத்துப் பிள்ளைகளையும் சாத்தானிடம் ஒப்புவித்து, அவன் பக்தி நிலைக்கிறதா என்று கர்த்தர் பார்த்தாராம். நிலைத்தது. உடனே சம்பாவனை கொடுத்தார்: 7,000 ஆடுகளுக்குப் பதிலாக 14,000, 3,000 ஒட்டகங்களுக்குப் பதிலாக 6,000, பத்துப் பிள்ளைகளுக்குப் பதிலாக வேறு பத்துப் பிள்ளைகள். கணக்குச் சரியாய்விட்டதாம்! ஆடு போனால் ஆடு வாங்கலாம். செத்த பிள்ளைக்குப் பதில் வேறு பிள்ளை என்று எந்தத் தாயாவது ஒப்புவாளா? மேலும், சோதனை என்பது முடிவு தெரியாதவன் செய்கின்ற காரியம். உரைத்துப் பார்த்தால்தான் பொன்னின் மாற்று தட்டானுக்குத் தெரியும். எல்லாம் முன்னமே தெரிந்தவருக்கு உரைகல் எதற்கு? அந்தச் சோதனையில் செத்த பத்துப் பிள்ளைகள் யாருடைய பரீட்சைக்குச் செலவான மசி?

“அவர் சித்தம் மனித புத்திக்கு எட்டாது” என்பது இவர்களுடைய கடைசிக் கோட்டை. எட்டாது என்றால், அது நல்ல சித்தம் என்பது மாத்திரம் உங்களுக்கு எப்படி எட்டிற்று? 2011-ல் ஜப்பான் பூகம்பத்திற்குப் பிறகு, ஒரு ஜப்பானியச் சிறுமி, குழந்தைகள் ஏன் இப்படித் துக்கப்பட வேண்டும் என்று அப்போதைய போப் 16-வது பெனடிக்டை டெலிவிஷன் மூலம் கேட்டாள். தமக்கும் அந்தக் கேள்வி உண்டென்றும், பதில் நம்மிடம் இல்லையென்றும் அவர் ஒப்புக்கொண்டார். அவருடைய யோக்கியதையை நாம் பாராட்டுகின்றோம். ஆனால் தலைமைப் பீடத்திற்கே தெரியாத பதில் நமது குப்பத்து உபதேசியாருக்கு மாத்திரம் எப்படித் தெரிந்து, அந்த அம்மாளின் நம்பிக்கைக் குறைவு என்று தீர்ப்புச் சொல்ல முடிந்தது?

ஜெபத்தின் வல்லமையையும் அளந்தே பார்த்தாய்விட்டது. அமெரிக்காவில் ஆறு ஆஸ்பத்திரிகளில் இருதய ஆபரேஷன் செய்துகொண்ட 1,802 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2006-ல் வெளிவந்தது. செய்தவர்களும் பணம் கொடுத்தவர்களும் மதத்திற்கு விரோதிகளல்ல. ஜெபம் செய்யப்படுமோ படாதோ என்று தெரியாதிருந்தவர்களில், ஜெபம் செய்யப்பட்டவர்களில் 100-க்கு 52 பேருக்கும், செய்யப்படாதவர்களில் 51 பேருக்கும் பின்விளைவுகள் ஏற்பட்டன. தங்களுக்காக ஜெபம் நடக்கின்றது என்று நிச்சயமாகத் தெரிந்தவர்களிலோ 59 பேருக்கு ஏற்பட்டன! ஜெபம் கெடுதி செய்கின்றது என்று நாம் சொல்லவரவில்லை. ஒன்றும் செய்வதில்லை என்பதுதான் கணக்கு. இது பாதிரிமார்களுக்கும் உள்ளுக்குள் தெரிந்த விஷயமே. இல்லாவிட்டால் கோயில் கோபுரத்தில் சிலுவைக்குப் பக்கத்தில் இடிதாங்கி எதற்கு?

இதையெல்லாம் படித்து இந்து நண்பர்கள் கைகொட்டிச் சிரிக்க வேண்டியதில்லை. கிறிஸ்தவனுக்குக் கர்த்தரின் சித்தம் என்றால் உங்களுக்குத் தலையெழுத்து. அவனுக்குச் சோதனை என்றால் உங்களுக்குப் பூர்வஜென்ம கர்மம். இது அதற்கு அண்ணன். 1934-ல் பீகார் பூகம்பத்தைத் தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று காந்தியார் சொன்னாரே! தீண்டாமை ஒழிய வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்தில்லை. ஆனால் தீண்டப்படாதவன் குடிசையையும் சேர்த்து இடித்துத் தண்டிக்கிற நியாயம் எந்த நாட்டு நியாயம்? தாகூரே அன்று இதைக் கண்டித்து எழுதினார்.

கிறிஸ்தவர்கள் பேரில் நமக்குத் துவேஷமில்லை. இந்நாட்டில் படிக்கக்கூடாது என்று வைத்திருந்த ஜனங்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்ததும், தொட மறுத்த நோயாளிகளைத் தொட்டு வைத்தியம் செய்ததும் அவர்களில் பலர் செய்த பெருங்காரியம். சுனாமிக்குப் பிறகு பிணமெடுத்தவர்களிலும் சோறு போட்டவர்களிலும் பாதிரிமார்களும் கன்னிகாஸ்திரீகளும் இருந்தார்கள். அவர்களுக்கு நமது வணக்கம். ஆனால் அந்தச் சோற்றை ஆக்கியதும் அந்தப் பிணத்தைத் தூக்கியதும் மனிதன் கை. பெருமையைக் கர்த்தருக்கும், பழியை அழுகின்ற தாய்க்கும் எழுதுகின்ற கணக்கைத்தான் நாம் ஒப்பமாட்டோம்.

கர்த்தரை எடுத்துவிட்டால் துன்பப்படுகிறவனுக்கு நீங்கள் என்ன கொடுப்பீர்கள் என்று கேட்கலாம். கொடுத்தாய்விட்டது. 2007-ல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் ஏற்பட்டது. 2012-ம் வருஷம் ஏப்ரல் 11-ந் தேதி சுமத்ராவுக்கப்பால் மறுபடியும் பெரிய பூகம்பம் உண்டானபோது, சில நிமிஷங்களுக்குள் எச்சரிக்கை பறந்து, கரையோர ஜனங்கள் வெளியேறினார்கள். அன்று பெரிய அலை வரவில்லை. வந்திருந்தாலும் வெறும் மணலைத்தான் கண்டிருக்கும். 2004-ல் இரண்டு மணி நேரம் மௌனமாயிருந்த ஆகாயம் 2012-ல் வாய் திறந்ததற்குக் காரணம், கர்த்தர் மனம் மாறியதல்ல. மனிதன் கடலில் கருவி போட்டான்.

ஆகவே கடற்கரைக் கிறிஸ்தவத் தோழர்களுக்கு நாம் சொல்லிக்கொள்ளுவதெல்லாம் இவ்வளவுதான். உங்கள் ஊர் எச்சரிக்கைச் சங்கு ஊதுகின்றதா, புயல் விடுதிக்குப் பாதை திறந்திருக்கின்றதா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கடல் வாங்கினால் ஓட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாய்விட்டதா என்று வருகிற ஞாயிற்றுக்கிழமை கேளுங்கள். உங்கள் பாதிரியாரையே கேளுங்கள். நல்ல மனிதராயிருந்தால் உங்களோடு கூட வருவார்.

அந்த அம்மாளுக்கு நாம் அன்று சொன்னது இதுதான்: “அம்மா, உங்கள் நம்பிக்கையில் ஒரு குறையும் இல்லை. யாரும் உங்களைச் சோதிக்கவும் இல்லை, தண்டிக்கவும் இல்லை. பூமி அசைந்தது, கடல் வந்தது, சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. உங்கள் பேரில் குற்றமே இல்லை.” அவர் வெகுநேரம் பேசாமலிருந்துவிட்டு, “இதை ஒருத்தரும் சொல்லலியே அய்யா” என்றார். இருபது வருஷமாக வாரந்தோறும் ஆறுதல் கேட்டவருக்கு இந்த ஒரு வார்த்தை கிடைக்கவில்லையென்றால், அந்த ஆறுதலின் யோக்கியதையை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.